நுங்கம்பாக்கமா, தாம்பரமா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் காமர்ஸ் குரூப் பிள்ளை இருக்கிற சென்னை வீடுகளில் இரண்டு பெயர்கள் கட்டாயம் அடிபடும்: லயோலா, எம்.சி.சி. என்கிற சென்னைக் கிறித்தவக் கல்லூரி. என்ஜினீயரிங் என்றால் கவுன்சலிங் இருக்கிறது, கட்-ஆஃப் இருக்கிறது, ஏதோ ஒரு கணக்கு வழி காட்டிவிடும். அரசு உதவி பெறும் பெரிய கலைக் கல்லூரிகளில் அப்படி இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிப் பட்டியல். அதனால் முடிவு பெரும்பாலும் மாமா எங்கே படித்தார், சித்தப்பா எதைப் பெருமையாகச் சொல்கிறார் என்பதில் போய் நிற்கிறது. பையன் எகனாமிக்ஸ் படிக்கப் போகிறானா, பி.காம். படிக்கப் போகிறானா என்பது இரண்டாம் கேள்வியாகிவிடுகிறது. எனக்கு அதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் கல்லூரிப் பெயருக்கே வர வேண்டும்.

இரண்டு கல்லூரிகளும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. லயோலாவின் ஓரத்திலேயே நுங்கம்பாக்கம் ஸ்டேஷன். அங்கே ஏறினால் கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி என்று போய், முக்கால் மணி நேரத்துக்குள் தாம்பரம். கிழக்குப் பக்கம் இறங்கினால் எம்.சி.சி. இரண்டும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. இரண்டுக்கும் 1978இல் தன்னாட்சி கிடைத்தது, ஆகவே பாடத்திட்டமும் வினாத்தாளும் அவரவர் கையில். இரண்டும் கிறித்தவச் சிறுபான்மை நிறுவனங்கள் என்பதால் பொதுப் பிரிவில் போட்டி கடுமை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

வித்தியாசம் இடத்தில் தொடங்குகிறது. எம்.சி.சி.யின் வேர் ஜார்ஜ் டவுனில். ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1837இல் ஆரம்பித்த பள்ளி, வில்லியம் மில்லர் காலத்தில் கல்லூரியாக வளர்ந்து, உயர் நீதிமன்றத்துக்கு எதிரே பல பத்தாண்டுகள் நடந்தது. வங்கிகளும் ஏற்றுமதி இறக்குமதிக் கம்பெனிகளும் மொத்த வியாபாரிகளும் நிறைந்த பகுதி அது. 1906இல் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி நகரத்தின் சேமிப்பைக் கொண்டுபோனதும், அந்த அடியிலிருந்து 1907இல் இந்தியன் வங்கி பிறந்ததும் அந்த வட்டாரத்தின் கதைகள். அப்படிப்பட்ட இடத்தை விட்டு 1937இல் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. மின்ரயில் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1931இல், தாம்பரம் வரை ஓடத் தொடங்கியிருந்தது.

1937ஐக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியது அந்த ஆண்டுதான். 1920இல் தொடங்கி நொடித்துப்போயிருந்த மெட்ராஸ் பங்குச் சந்தை மறுபடி எழுந்ததும் அந்த ஆண்டுதான். நகரத்தில் பணத்தின் வேலை சூடு பிடிக்கிற நேரத்தில் கல்லூரி புதர்க்காட்டுக்குப் போயிருக்கிறது. வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அசட்டுத்தனமாகத் தோன்றும். எகனாமிக்ஸ் துறைக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

தாம்பரத்துக்குப் போன சில ஆண்டுகளில் அங்கே பொருளியல் துறைக்கு வந்து சேர்ந்தவர் மால்கம் ஆதிசேஷையா. வேலூர்க்காரர். பின்னாளில் யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியவர். அவரிடம் தாம்பரத்தில் படித்த மாணவர்களில் ஒருவர் கே.என். ராஜ். லண்டன் போய் டாக்டர் பட்டம் வாங்கி வந்து, இருபதுகளின் நடுவிலேயே முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதுவதில் பங்கெடுத்தவர், பிறகு திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தை உருவாக்கியவர். அவர்களுக்குப் பின் நீண்ட காலம் அதே துறையில் கற்பித்தவர் சி.டி. குரியன், 2024இல் மறைந்தார். ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம் வாங்கியும், ஏழ்மையையும் சொத்தையும் விட்டுப் பொருளியல் பேச மறுத்தவர். ஒரு துறைக்கு இப்படி மூன்று தலைமுறை ஆட்கள் அமைவது எளிதில் நடக்கிற காரியம் இல்லை.

ஆனால் இதை வைத்து லயோலாவைத் தள்ளிவிட முடியாது. அந்த ஆதிசேஷையாவே பட்டப்படிப்பு படித்தது லயோலாவில்! இயேசு சபையினர் 1925இல் எழுபத்தைந்து மாணவர்களோடு கல்லூரியைத் திறந்தபோது இருந்த மூன்று பாடங்கள் கணிதம், வரலாறு, பொருளியல். அதாவது அங்கே பொருளியல் பின்னால் ஒட்டிய பாடம் இல்லை, முதல் நாளிலிருந்தே இருப்பது. நாட்டின் நிதியமைச்சராகவும் குடியரசுத் தலைவராகவும் இருந்த ஆர். வெங்கட்ராமன் பொருளியலில் முதுகலை முடித்தது அங்கேதான். ஆகவே "எகனாமிக்ஸ் என்றால் எம்.சி.சி., பி.காம். என்றால் லயோலா" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்களைப் பாதிதான் நம்பலாம். மற்றப் பாதியில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் வகுப்பு முடிந்த பிறகான நேரத்தைப் பற்றியது.

முதலில் பி.காம். அங்கே முதல் செமஸ்டரில் பேரேடும் இருப்பாய்வும்தான் ராஜ்ஜியம். பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் 180 ரூபாயில் இடிக்கிறது என்று வையுங்கள். தேர்ந்த பையன் பக்கம் பக்கமாகக் கூட்டிப் பார்க்க மாட்டான். 180 ஒன்பதால் வகுபடுகிறது, எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும், 5,420 என்று இருக்க வேண்டியது 5,240 ஆகியிருக்கும் என்று நேரே அங்கே போவான். இந்தக் கை சுத்தம் வகுப்பில் பாதிதான் வரும். மீதி ஒரு ஆடிட்டர் ஆபீஸில், வவுச்சர் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தால் வரும். நுங்கம்பாக்கத்தின் பலம் இதில்தான். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலையில். வருமான வரித்துறையின் தலைமை அலுவலகமும் அதே சாலையில். கோச்சிங் சென்டர்களும் ஆடிட்டர் ஆபீஸ்களும் நுங்கம்பாக்கம், தி.நகர், கோடம்பாக்கம் வட்டத்துக்குள் மலிந்து கிடக்கின்றன. லயோலா காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று இரண்டாக நடக்கிற கல்லூரி. காலை ஷிப்ட் பையனுக்கு மதியத்துக்கு மேல் நகரம் முழுவதும் திறந்திருக்கிறது. சி.ஏ. ஃபவுண்டேஷன் வகுப்புக்குப் போகிற தாம்பரம் பையன் ரயிலில் செலவழிக்கும் நேரத்தில் இவன் ஒரு அத்தியாயம் முடித்திருப்பான்.

சி.ஏ. பக்கம் பி.காமுக்கு ஒரு சின்னச் சலுகையும் உண்டு. பட்டம் முடித்து நேரடியாக இன்டர்மீடியட்டில் சேர வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதம் போதும். எகனாமிக்ஸ் பட்டதாரி மற்றவர்களோடு சேர்ந்து 60 எடுக்க வேண்டும். 2023இல் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டு ஆண்டாகக் குறைந்துவிட்டதால், கல்லூரிக் காலத்திலேயே தேர்வுகளை முடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போகும் எண்ணம் உள்ளவனுக்கு நேரம் இன்னும் விலை உயர்ந்த சரக்கு. சி.ஏ. என்று முடிவு செய்துவிட்ட பிள்ளைக்கு நான் லயோலாவைத்தான் சொல்வேன், தயக்கமே இல்லாமல்.

எகனாமிக்ஸ் படிப்பவனுக்குக் கணக்கு வேறு. அவன் பாடத்தில் ஒரு வளைகோட்டைப் புரிந்துகொள்ள இரண்டு நாள் ஆகலாம். தக்காளி விலை ஏறியதைப் பார்த்து எல்லாரும் தக்காளி போடுகிறார்கள், அடுத்த பருவத்தில் விலை சரிந்து சாலையோரம் கொட்டுகிறார்கள், அதைப் பார்த்து அடுத்த முறை போடாமல் விடுகிறார்கள், விலை மறுபடி ஏறுகிறது. சிலந்திவலை மாதிரி என்று பாடப்புத்தகம் சொல்லும் அந்தப் படத்தைப் பரீட்சைக்கு வரைந்துவிட்டுப் போவது ஒன்று. கோயம்பேட்டில் விலை எகிறிய வாரத்தில் அந்தப் படம் ஏன் முழுசாகப் பொருந்தவில்லை, இடையில் கமிஷன் மண்டியும் ஆந்திர லாரியும் குளிர்ப்பதனக் கிடங்கு இல்லாமையும் என்ன செய்கின்றன என்று வாதாடுவது இன்னொன்று. இரண்டாவதற்கு ஆட்கள் வேண்டும், நேரம் வேண்டும், ராத்திரி பதினொரு மணிக்கும் எழுந்து போகாத ஒரு நண்பன் வேண்டும்.

தாம்பரத்தில் அது கிடைக்கும் வழி ஹால்கள். ஹாஸ்டலை அங்கே ஹால் என்றுதான் சொல்வார்கள்: சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால், பெண்களுக்கு மார்ட்டின், மார்கரெட், பார்ன்ஸ் ஹால்கள். 365 ஏக்கர், மான் மேய்கிற புதர்க்காடு, வெளிவாசலுக்கு வரவே ஒரு நடை. சாயங்காலம் சும்மா நகரத்துக்குப் போய்வர முடியாது என்பதே அங்கே படிப்புக்கு ஒரு உதவி. ஹாலில் மாணவர்களே தேர்தல் வைத்துத் தங்கள் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு விழாவுக்கு வசூல் செய்து, செலவு செய்து, குறைந்ததை யார் தலையில் கட்டுவது என்று சண்டை போட்டவனுக்குப் பொதுநிதி பற்றிய அத்தியாயம் பாதி புரிந்த மாதிரிதான்.

இதற்கு மறுபக்கம் உண்டு. ஹாலில் இடம் கிடைக்காமல் கும்மிடிப்பூண்டி பக்கமிருந்தோ ஆவடியிலிருந்தோ தினமும் வந்துபோகிறவனுக்குத் தாம்பரத்தின் சிறப்பு பாதியாகிவிடும். காட்டைக் காலையிலும் மாலையிலும் கடக்கிற அளவுக்குத்தான் அவனுக்கு அந்த வளாகம். அப்படிப்பட்டவன் எகனாமிக்ஸ் படிப்பதாக இருந்தாலும் நுங்கம்பாக்கத்துக்கே போகலாம். அங்கிருந்து அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், அண்ணா நூற்றாண்டு நூலகம் எல்லாம் ஒரு பஸ் தூரம். பொதுக் கருத்தரங்கு நடக்கிற நாளில் பின்வரிசையில் போய் உட்கார்ந்து கேட்கலாம். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்துப் பிள்ளைக்கு இதே கணக்கு தலைகீழ். தாம்பரம் அவனுக்கு வீட்டு வாசல்.

சுற்றுப்புறம் என்ன கற்றுத்தருகிறது என்பதும் படிப்பைப் பொறுத்து மாறுகிறது. தாம்பரத்தைக் காடு என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. 1984இல் பக்கத்திலேயே தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது. தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகரில் ஃபோர்டு கார் தொழிற்சாலை இருந்தது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அந்தக் கம்பெனி அறிவித்தது, மறு ஆண்டு உற்பத்தி நின்றது. இந்த ஒரே செய்தியை இரண்டு துறைகளிலும் கொடுத்துப் பாருங்கள். பி.காம். வகுப்பில் கேள்விகள் இப்படி வரும்: இயந்திரங்களின் ஏட்டு மதிப்பு என்ன, விற்றால் என்ன வரும், அந்த நஷ்டத்தை எந்த ஆண்டில் காட்டுவது, தொழிலாளர் இழப்பீட்டுக்கு முன்கூட்டி ஒதுக்கீடு செய்ய வேண்டுமா, அதற்கு வரிச்சலுகை உண்டா. எகனாமிக்ஸ் வகுப்பில் வேறு கேள்விகள்: இத்தனை விற்பனை நடக்கிற நாட்டில் இந்தக் கம்பெனிக்கு ஏன் கட்டவில்லை, சிறிய கார் சந்தையில் ஏற்கெனவே காலூன்றியவர்கள் எப்படி விலையைப் பிடித்து வைத்திருந்தார்கள், சாலையோரம் உதிரி பாகம் செய்துகொடுத்த பட்டறைகள் வேறு கம்பெனிக்கு மாற முடிந்ததா, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வாடகை இறங்கியதா. முதல் கேள்விகளுக்குப் பதில் நிதி அறிக்கைகளிலும் சட்டத்திலும் இருக்கிறது, அவற்றைப் படிக்கத் தெரிந்தவரை நுங்கம்பாக்கத்தில் பிடிக்கலாம். இரண்டாவது கேள்விகளுக்கு ரயிலேறி தெற்கே போய் ஆட்களிடம் பேச வேண்டும். தாம்பரத்திலிருந்து அது கைக்கெட்டும் தூரம்.

எந்தக் கேள்விகள் உங்கள் பிள்ளைக்குச் சுவையாக இருக்கின்றன என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப் பாருங்கள். "நஷ்டத்தை எங்கே காட்டுவார்கள்" என்பதில் கண் விரிகிறதா, "பட்டறைக்காரர் என்ன ஆனார்" என்பதிலா? எந்த ஆப்டிட்யூட் டெஸ்டும் இதைவிட ஒழுங்காகச் சொல்லாது. இரண்டிலும் விரியவில்லை என்றால் பி.பி.ஏ. பேச்சை எடுப்பார்கள். அதை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். பதினெட்டு வயதில் நிர்வாகம் படிப்பதைவிட நிர்வகிக்க ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது மேல். எம்.பி.ஏ. வேண்டுமானால் இரண்டு வளாகத்திலும் பின்னாளில் வாசல் இருக்கிறது: லயோலாவில் 1979இல் தொடங்கிய லிபா, எம்.சி.சி.யில் அண்மைக் காலத்தில் வந்த பாய்ட் டாண்டன் வணிகப் பள்ளி.

அந்தப் பள்ளியின் பெயரில் இருக்கும் டாண்டன், சந்திரிகா கிருஷ்ணமூர்த்தி டாண்டன், எம்.சி.சி.யில் வணிகவியல் படித்தவர். அவருடைய தங்கை இந்திரா நூயி அதே கல்லூரியில் படித்தது இயற்பியல், வேதியியல், கணிதம். பெப்சிகோவுக்குத் தலைமை தாங்கியவர் அறிவியல்காரர்! லயோலா பக்கம் அமுலைக் கட்டியெழுப்பிய வர்கீஸ் குரியன் அங்கே இயற்பியல் படித்து 1940இல் வெளியே வந்தவர். லயோலா பி.காமின் மிகப் புகழ் பெற்ற பெயர் விஸ்வநாதன் ஆனந்த், அவர் கணக்கெழுதப் போகவில்லை. முன்னாள் மாணவர் பட்டியலைக் காட்டிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறவர்களிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்.

தரவரிசையிலும் அதே கோளாறு. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் இரண்டு கல்லூரிகளும் நல்ல இடத்திலேயே வருகின்றன. ஆனால் அது கல்லூரியை மொத்தமாக எடைபோடுகிறது: கற்பித்தல், ஆராய்ச்சி, தேர்ச்சி, எல்லாத் தரப்புக்கும் இடம், வெளியார் கருத்து. கல்லூரிப் பட்டியலில் பொருளியலுக்கோ வணிகவியலுக்கோ தனி மதிப்பெண் கிடையாது. விலங்கியல் துறையின் ஆராய்ச்சிக் கட்டுரை உங்கள் பையனின் காஸ்ட் அக்கவுன்ட்ஸ் வகுப்பை எப்படி உயர்த்தும் என்று எனக்கு விளங்கவில்லை. இதைவிட, துறையின் பழைய வினாத்தாள் ஒன்றை ஒரு சீனியரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். "வரையறு, விளக்கு, நன்மை தீமைகளை எழுது" என்றே கேள்விகள் போகின்றனவா, ஒரு அட்டவணையைக் கொடுத்து இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்கிறார்களா என்பது அதில் தெரிந்துவிடும்.

விண்ணப்பத்தில் பலர் கவனிக்காமல் விடும் இடம் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா என்பது. ஒரே வாசல், ஒரே பெயர், ஒரே பல்கலைக்கழகப் பட்டம். ஆனால் அரசு உதவி பெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுப்பதால் கட்டணம் குறைவு, சுயநிதிப் பிரிவில் பல மடங்கு. வணிகவியலுக்குக் கிராக்கி அதிகம் என்பதால் சுயநிதிப் பிரிவுகள் அங்கேதான் பெருகியிருக்கின்றன. எகனாமிக்ஸ் எய்டட் இடம் கிடைத்தும் பி.காம். என்ற பெயருக்காக அதே வளாகத்தில் பல மடங்கு கட்டி உட்காரும் குடும்பங்கள் உண்டு. மூன்றாண்டில் மிச்சமாகும் தொகை டெல்லியில் ஒரு முதுகலைப் படிப்பின் விடுதிச் செலவுக்கு ஈடாகும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. எம்.சி.சி. இருபாலர் கல்லூரி. லயோலா இளங்கலையில் நெடுங்காலம் ஆண்கள் கல்லூரியாகவே அறியப்பட்டது. எந்தப் பிரிவில் பெண்களுக்குச் சேர்க்கை உண்டு என்று அந்தந்த ஆண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். நுங்கம்பாக்கத்து வசதிதான் வேண்டும் என்றால் 1915இல் தொடங்கிய மகளிர் கிறித்துவக் கல்லூரி, எம்.ஓ.பி. வைஷ்ணவ் எல்லாம் அதே பகுதியில் இருக்கின்றன.

கடைசியில் கணக்குப் பாடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எகனாமிக்ஸில் ஆள் சறுக்குவது அங்கேதான். ப்ளஸ் டூ காமர்ஸ் குரூப்பில் வணிகக் கணிதம் எடுத்தவர்களும் உண்டு, அதற்குப் பதில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுத்தவர்களும் உண்டு. இரண்டாமவர்களுக்கும் பி.ஏ. எகனாமிக்ஸில் இடம் கிடைத்துவிடுகிறது, தட்டுத்தடுமாறி மூன்றாண்டும் ஓடிவிடுகிறது. அதன் பிறகுதான் தெரியும், பி.ஏ. எகனாமிக்ஸ் என்பது பாதி வழி என்று. இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத முதுகலை வேண்டும். ரிசர்வ் வங்கியில் பொருளாதார ஆய்வுப் பிரிவுக்கு முதுகலை வேண்டும். நல்ல முதுகலைக்கான நுழைவுத் தேர்வுகளில் வகைநுண்கணிதமும் அணிகளும் நிகழ்தகவும் வாசலிலேயே நிற்கின்றன. பி.காம். அந்த வகையில் பிழைக்கத் தெரிந்த படிப்பு, மூன்றாண்டில் ஏதாவது ஒரு வேலைக்குக் கொண்டுவிடும். எகனாமிக்ஸ் எடுக்கிற பிள்ளைக்கு ஐந்தாண்டுப் பொறுமை வேண்டும், வீட்டுக்கும் வேண்டும். வணிகக் கணிதம் எடுக்காதவன் நுங்கம்பாக்கத்தில் சேர்ந்தாலும் சரி, தாம்பரத்தில் சேர்ந்தாலும் சரி, சேர்க்கைக் கடிதம் வந்த வாரமே பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்துச் சார்புகள், வரம்புகள் பகுதியிலிருந்து ஆரம்பித்துவிட வேண்டும். கல்லூரி திறக்க ஜூன் கடைசி ஆகும், அதற்குள் வகையிடல் வரை வந்துவிடலாம்.